போருக்குப் பிந்தைய அமெரிக்க வாழ்க்கையை மாற்றியது எது: இயந்திரமா, வீட்டுக் கடன் பத்திரமா?

வைகறை (இழையைத் தொடங்கியவர்)

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் கார், டிவி, குளிர்பதனப் பெட்டி என்று பொருட்களை வரிசைப்படுத்திவிட்டு முடிந்துவிடுகின்றன. டிவி பரவிய வேகம் வியப்பானதுதான். 1950-இல் பத்து வீட்டுக்கு ஒன்றுகூட இல்லை. 1960-இல் பத்தில் ஏறத்தாழ ஒன்பது வீடுகளில் இருந்தது. ஆனால் அந்த டிவியை வைக்கச் சொந்தமாக ஒரு கூடம் எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. 1940-இல் அமெரிக்கக் குடும்பங்களில் நூற்றுக்கு 44 மட்டுமே சொந்த வீட்டில் இருந்தன. 1960-இல் அது 62.

என் கட்சி இதுதான்: அந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது அரசு ஜாமீன் நின்ற நீண்டகால வீட்டுக் கடன். மற்றவை எல்லாம் அதன் பின்னால் வந்தவை.

1930களுக்கு முன் அங்கே வீட்டுக் கடன் வாங்குவது வசதியுள்ளவர்களால் மட்டுமே முடிந்த காரியம். வீட்டு விலையில் ஏறக்குறைய பாதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். மீதிக்கு ஐந்து அல்லது பத்து ஆண்டுக் கடன். அதிலும் வட்டியை மட்டும் கட்டிவந்து, கெடு முடியும் நாளில் அசலை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். 1934-இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வந்தது. 1944-இல் போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. முன்பணம் மிகக் குறைவு, போர்வீரராக இருந்தால் பல இடங்களில் முன்பணமே இல்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு ஒரே சீரான தவணை.

இதன் விளைவை நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் பாருங்கள். ஹெம்ப்ஸ்டெட் பகுதியின் உருளைக்கிழங்கு வயல்களில் 1947-இல் லெவிட் குடும்பத்தார் வீடு கட்டத் தொடங்கினார்கள். அடித்தளம் தோண்டவில்லை, தரையில் கான்கிரீட் பலகை ஊற்றி அதன் மேலேயே வீடு. ஒரு வீடு கட்டும் வேலையை இருபத்தாறு, இருபத்தேழு கட்டங்களாகப் பிரித்தார்கள். வெள்ளைச் சாயம் அடிப்பவர் தெரு முழுவதும் வெள்ளை மட்டுமே அடித்துக்கொண்டு போவார். சிவப்புச் சாயக்காரர் அவருக்குப் பின்னால் வருவார். வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் முப்பது வீடுகளுக்கு மேல் முடிந்தன. 1951-க்குள் 17,447 வீடுகள், லெவிட்டவுன் என்று ஓர் ஊரே எழுந்தது. 1949-இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். போர்வீரருக்கு மாதத் தவணை 60 டாலருக்கும் குறைவு. கட்டும் திறமை லெவிட்டுடையது. ஆனால் வாங்குவதற்கு ஆள் வரிசையில் நின்றதற்குக் காரணம் கடன். அந்தக் கடன் இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு வயல் உருளைக்கிழங்கு வயலாகவே இருந்திருக்கும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

கரிசல் மண்

வைகறை ஐயா, நீங்கள் கதையை வடக்கிலிருந்து தொடங்கியதால்தான் கடன் முதலில் தெரிகிறது. தெற்கிலிருந்து தொடங்குங்கள், இயந்திரம் தெரியும்.

1944 அக்டோபர் 2. மிசிசிப்பி மாநிலம், கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் சிவப்பு நிறப் பருத்தி எடுக்கும் இயந்திரங்கள் ஊரார் பார்க்க வயலில் இறங்கின. ஓர் இயந்திரம் ஏறத்தாழ ஐம்பது ஆள் வேலையைச் செய்தது. பண்ணைக்காரர் போட்ட கணக்குப்படி கையால் எடுத்தால் ஒரு பேல் பருத்திக்கு 39 டாலர் 41 செண்ட். இயந்திரத்துக்கு 5 டாலர் 26 செண்ட். அந்தக் கணக்கைப் பார்த்த எந்தப் பண்ணையார் கூலியாட்களை வைத்துக்கொள்வார்?

பருத்தி எடுப்பது என்ன வேலை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெடித்த காயின் ஓடு காய்ந்து ஊசியாக நிற்கும். பஞ்சைப் பிடுங்கும்போது நகக்கண்ணைக் கிழிக்கும். ஆளுயரத்தைவிட நீளமான கோணியைத் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டே நாள் முழுதும் குனிந்து நடக்க வேண்டும். அந்த வேலையைத்தான் கறுப்பினக் குடும்பங்கள், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பயிரிட்டு, செய்துவந்தன. விதையும் உணவுப் பொருளும் பண்ணைக் கடையில் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காது. கணக்குப் புத்தகம் பண்ணையாரிடம். எதிர்த்துக் கேட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

அந்த முறையை உடைத்தது எந்தச் சட்டமும் அல்ல, இயந்திரம். 1960களின் இறுதியில் அமெரிக்கப் பருத்தி ஏறக்குறைய முழுவதும் இயந்திரத்தால் எடுக்கப்பட்டது. 1940-க்கும் 1970-க்கும் இடையில் ஐம்பது லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். மிசிசிப்பிக்காரர்கள் இல்லினாய் சென்ட்ரல் ரயில் ஏறி சிகாகோ போனார்கள். சிகாகோ, டெட்ராய்ட், கிளீவ்லாந்து ஆகிய நகரங்களின் அரசியலும் பள்ளிக்கூடமும் பாட்டும் இதனால் மாறின. லெவிட்டவுனில் 17,447 வீடுகள் என்கிறீர்கள். நான் சொல்வது ஐம்பது லட்சம் மனிதர்கள்.

ஓய்வுபெற்ற கடன் அலுவலர்

நான் வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் கழித்தவன். கரிசல் மண் சொன்ன ஐம்பது லட்சம் பேரும் வைகறை சொன்ன கடனும் எந்த இடத்தில் சந்தித்தன என்று சொல்கிறேன். அந்த இடம் சிகாகோவின் மேற்குப் பகுதியில் இருக்கும் நார்த் லான்டேல்.

முதலில் கடன் எப்படி இயங்கியது என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். அரசு யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. பணம் வங்கியுடையது. கடன்காரர் கட்டாமல் போனால் இழப்பை நான் ஏற்கிறேன் என்று அரசு ஜாமீன் கையெழுத்துப் போட்டது. ஜாமீன் இருந்தால் வங்கிக்கு ஆபத்து இல்லை. ஆபத்து இல்லாவிட்டால் வட்டி குறையும், கெடு நீளும். கடன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்தவனுக்குத்தான் அந்தக் கையெழுத்தின் பலம் புரியும்.

ஜாமீன் போடுவதற்கு முன் வீட்டுவசதி நிர்வாகம் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் மதிப்பிட்டது. அதற்கென்று கையேடு இருந்தது. 1930களிலேயே இன்னோர் அரசு நிறுவனம் நகரங்களை நான்கு நிறங்களில் வரைபடமாக்கியிருந்தது: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு. வீட்டுவசதி நிர்வாகத்தின் கையேடும் அதே எண்ணத்தில் எழுதப்பட்டது. மனுதாரரின் சம்பளமும் நாணயமும் எப்படியிருந்தாலும் தெரு சிவப்பில் இருந்தால் ஜாமீன் கிடையாது.

டெட்ராய்டில் எட்டாம் மைல் சாலைக்கு அருகில் இன்றும் ஒரு சுவர் நிற்கிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம், கான்கிரீட். 1941-இல் வெள்ளையருக்கு வீடு கட்டவிருந்த ஒருவர் ஜாமீன் கேட்டார். பக்கத்திலேயே கறுப்பினக் குடும்பங்கள் இருக்கின்றன என்று நிர்வாகம் மறுத்தது. இடையில் சுவர் எழுப்பினார், ஜாமீன் கிடைத்தது. சுவர் எந்தத் திருடனையும் தடுக்கக் கட்டப்பட்டதல்ல. ஒரு மனுவில் ஒரு கேள்விக்குப் பதிலாகக் கட்டப்பட்டது.

இப்போது நார்த் லான்டேலுக்கு வருவோம். தெற்கிலிருந்து வந்து ஆலை வேலையில் சேர்ந்தவருக்கு வங்கிக் கடன் இல்லை. ஆகவே தரகர் வருகிறார். கறுப்பினத்தவர் குடிவரப் போகிறார்கள் என்று வெள்ளைக்காரரைப் பயமுறுத்தி மலிவாக வாங்கிய வீட்டை, ஏறக்குறைய இரு மடங்கு விலை வைத்து, ஒப்பந்தத் தவணையில் விற்கிறார். முன்பணமும் உண்டு, வட்டியும் உண்டு. கடைசித் தவணை கட்டும்வரை கிரயப் பத்திரம் தரகர் பெயரில். ஒரே ஒரு தவணை தவறினால் வீடு போயிற்று, அதுவரை கட்டிய பணமும் போயிற்று. பழுது பார்க்கும் செலவு மட்டும் வாங்கியவருடையது. இதைத் தாங்கக் கணவனும் மனைவியும் இரண்டு வேலை பார்த்தார்கள், அறைகளை வாடகைக்கு விட்டார்கள், வீட்டைப் பழுது பார்க்கப் பணம் இல்லாமல் தவித்தார்கள். தெரு சீரழிந்தது. சீரழிந்த தெருவைக் காட்டி, சிவப்பு அடித்தது சரிதானே என்றார்கள். என் தொழிலில் இதைவிடக் கொடுமையான வாதத்தை நான் கேட்டதில்லை.

1968-இல் இப்படி வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் வைத்துத் தவணையை நிறுத்திப் போராடினார்கள். சிலருக்கு ஒப்பந்தம் திருத்தப்பட்டது. வீட்டை இழந்தவர்களும் உண்டு.

கரிசல் மண், பண்ணைக் கடைக் கணக்குப் புத்தகத்துக்குத் தப்பி வந்தவரை இன்னொரு கணக்குப் புத்தகம் பிடித்துக்கொண்டது. இயந்திரம் அவரை விரட்டியது. அவர் எங்கே போய் விழுவார் என்பதைக் கடன் பத்திரம் முடிவு செய்தது.

மாடசாமி_தூத்துக்குடி

தவணை கட்டச் சம்பளம் வேண்டுமே. தொழிற்சங்கத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 1950-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் கார் தொழிலாளர் சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டன. விலைவாசி ஏறினால் சம்பளமும் ஏறும், ஓய்வூதியம் உண்டு, மருத்துவச் செலவில் பங்கு உண்டு. 1950களின் நடுவில் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். அடுத்த ஐந்து வருடத்துக்கு வருமானம் நிச்சயம் என்று தெரிந்தவன்தான் முப்பது வருடக் கடனில் துணிந்து கையெழுத்துப் போடுவான்.

செங்காந்தள்

நல்ல விவாதம். ஆனால் இதுவரை எழுதிய நால்வரும் 'அவர் வாங்கினார், அவன் கையெழுத்துப் போட்டான்' என்றே எழுதுகிறீர்கள். அந்த வீட்டில் பெண் இருந்தாளே?

போர்க்காலத்தில் கப்பல் தளங்களிலும் விமானத் தொழிற்சாலைகளிலும் நின்று வேலை பார்த்த பெண்கள் போர் முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்டார்கள். போர்வீரர் சட்டத்தின் பயன் பெரும்பாலும் ஆண்களுக்கு. சரி, மனைவி வேலைக்குப் போனாலாவது அவள் சம்பளம் கடனுக்குக் கணக்கில் வருமா என்றால், பிள்ளை பெறும் வயதில் இருப்பவளின் சம்பளத்தைக் கடன் அதிகாரிகள் பாதியாக எடுத்துக்கொள்வார்கள், அல்லது கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். இனிமேல் பிள்ளை பெறப்போவதில்லை என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்ன வழக்கம் 1970களின் தொடக்கம்வரை இருந்தது. 1974-இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்த பிறகுதான் கணவன் கையெழுத்து இல்லை, திருமணம் ஆகவில்லை என்ற காரணங்களுக்காகப் பெண்ணுக்குக் கடன் மறுப்பது சட்டவிரோதம் ஆனது. விதவையும் மணவிலக்குப் பெற்றவளும் அதுவரை என்ன பாடுபட்டிருப்பார்கள்!

இயந்திரம் பெண்ணை விடுவித்தது என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். முழுநேர இல்லத்தரசிகள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரம் 1920களிலும் வாரத்துக்கு 50 மணி நேரத்துக்கு மேல். 1960களிலும் 50 மணி நேரத்துக்கு மேல். துவைக்கும் இயந்திரம் வந்ததும் துணியைத் தினமும் மாற்ற வேண்டும் என்றாகிவிட்டது. வெளுப்பவரும் வீட்டு வாசலுக்குக் காய்கறி கொண்டுவந்தவரும் மறைந்தார்கள். கடை மைல்கணக்கில் தள்ளிப் போனது. பல குடும்பங்களில் இருந்தது ஒரு கார், அதைக் கணவன் காலையில் எடுத்துக்கொண்டு போய்விடுவான். பஸ் இல்லாத ஊரில் ஒரு பெண் சின்னக் குழந்தைகளோடு பகல் முழுவதும் எப்படி இருந்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அந்தப் புல்வெளிப் படங்களைப் பாருங்கள்.

திண்ணைப் பேச்சு

எல்லோரும் குறைகளையே அடுக்குகிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1947 முதல் 1973 வரை, விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும், அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் வருமானம் ஏறக்குறைய இரு மடங்கானது. கறுப்பினத்தவரும் பின்தங்கிவிடவில்லை: 1959-இல் அவர்களில் நூற்றுக்கு 55 பேர் வறுமையில் இருந்தார்கள், 1969-இல் 32 பேர். பத்தே ஆண்டில்! 1955-இல் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து வந்தபோது கோடைதோறும் தாய்மார்களுக்கு இருந்த அச்சம் அகலத் தொடங்கியது. அது எல்லா வீட்டுக்கும் வந்த நன்மை. இவ்வளவு மக்களுக்கு இவ்வளவு விரைவில் வாழ்க்கை மேம்பட்டது வரலாற்றில் அரிது. கடன் பத்திரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து இந்தச் சாதனையைச் சிறுமைப்படுத்த வேண்டாம்.

வைகறை

திண்ணைப் பேச்சு அவர்களுக்கு: நீங்கள் கொடுத்த எண்கள் சரி. அவற்றைச் சிறுமைப்படுத்தவும் இல்லை. ஆனால் சம்பளம் வேறு, சொத்து வேறு. சம்பளம் ஆலை மூடியதும் நின்றுவிடும். வீடு பிள்ளைக்குப் போகும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அடமானம் ஆகும். தாத்தா 7,990 டாலருக்கு வாங்கியது பேரன் காலத்தில் லட்சங்களில் நிற்கும். அந்தத் தொடக்கப் புள்ளியில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி.

1947-இல் மிசிசிப்பியில் போர்வீரர் நிர்வாகம் ஜாமீன் நின்ற கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டாயிரமோ இருநூறோ அல்ல, இரண்டு. தெற்கு அப்படித்தான் என்று ஒதுக்கிவிட முடியாது. நியூயார்க்கிலும் வடக்கு நியூ ஜெர்சியிலும் இத்தகைய கடன்கள் 67,000-க்கு மேல். வெள்ளையர் அல்லாதவருக்குப் போனவை நூறுகூட இல்லை. அதே சீருடை, அதே போர்.

லெவிட்டவுன் ஒப்பந்தத்தில் 25-ஆம் விதி என்று ஒன்று இருந்தது. காகேசிய இனத்தவர், அதாவது வெள்ளையர், அல்லாத எவரும் இந்த வீட்டில் குடியிருக்கக்கூடாது. வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விலக்கு. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விதி தாளிலிருந்து மறைந்தது, விற்பனை மேசையில் நீடித்தது. பென்சில்வேனியாவில் லெவிட் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் மையர்ஸ் குடும்பம், ஒரு வெள்ளைக்காரர் மறுவிற்பனை செய்த வீட்டில், முதல் கறுப்பினக் குடும்பமாகக் குடியேறியது. வில்லியம் மையர்ஸ் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். வீட்டு முன் நாள்கணக்கில் கூட்டம் கூடியது, கல் எறிந்தது, ஜன்னல் உடைந்தது. அக்கம்பக்கத்தார் சிலர் துணை நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பம் அசையவில்லை.

செங்காந்தள் அக்கா சொன்னது முழுக்க நியாயம். என் முதல் பதிவின் வாதத்துக்கு அது வலுவே சேர்க்கிறது.

கரிசல் மண்

கடன் அலுவலர் ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். விரட்டியது இயந்திரம், விழுந்த இடம் பத்திரம் என்று அவர் பிரித்ததை ஏற்கிறேன். ஆனாலும் வைகறை ஐயா, "மற்றவை எல்லாம் பின்னால் வந்தவை" என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். பருத்தி வயலில் வேலை போனது எந்தக் கடனின் பின்னாலும் வரவில்லை.

வடக்கு ஏரி

மினியாபொலிஸிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் படித்த பிறகு ஒதுங்கியிருக்க மனமில்லை.

நாங்கள் வாங்கிய வீடு 1940களில் கட்டியது. கிரயத்தின்போது கொடுத்த பழைய ஆவணக் கட்டைப் பிறகு ஒருநாள் சாவகாசமாகப் புரட்டினேன். வடிகால் உரிமைக்கும் வேலி உயரத்துக்கும் நடுவில், வைகறை சொன்ன அதே விதி. காகேசியர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. தட்டச்சு எழுத்து, சீரான வரிகள், கீழே நோட்டரி முத்திரை. வேலி நான்கடிக்கு மேல் போகக்கூடாது என்பதும் நான் அங்கே குடியிருக்கக்கூடாது என்பதும் ஒரே தொனியில் எழுதப்பட்டிருந்தன. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேச்சு வரவில்லை.

அந்த விதி நம்மையும் சேர்த்தா என்று சந்தேகிப்பவர்களுக்கு: 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர் அல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நம்மவர்கள் பெருமளவில் வந்தது 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டை நாடு முழுவதும் தடை செய்த நியாய வீட்டுவசதிச் சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், கையெழுத்தானது. நம் பொறியாளர்களும் மருத்துவர்களும் புறநகரில் வீடு பார்க்கத் தொடங்கியபோது கதவு திறந்திருந்தது. திறப்பதற்கு அடிபட்டவர்கள் வேறு யாரோ. இங்கே நம் கூட்டங்களில் "நாங்கள் உழைத்து வந்தோம், அவர்கள் ஏன் முன்னேறவில்லை" என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் தங்கள் வீட்டு ஆவணத்தையும் ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும்.

இன்னொன்று. யாரும் நெடுஞ்சாலையைத் தொடவில்லை. 1956 சட்டத்தில் 41,000 மைல் சாலை. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு மத்திய அரசுடையது. பக்கத்து நகரமான செயின்ட் பாலில் ரோண்டோ என்று கறுப்பின மக்களின் குடியிருப்பு இருந்தது: கடைகள், தேவாலயங்கள், சங்கங்கள், சொந்த வீடுகள். 94-ஆம் எண் நெடுஞ்சாலை அதன் நடுவில் போனது. 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. தடை அத்தனையும் தாண்டி எப்படியோ வீடு வாங்கியவர்கள் அவர்கள். இழப்பீடு சந்தை விலைப்படி. சந்தை விலையோ, அது எந்த மாதிரித் தெரு என்பதைப் பொறுத்தது. 2015-இல் செயின்ட் பால் மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

வைகறை

கரிசல் மண் கேட்டதை ஏற்கிறேன். அந்த வரி வேண்டாம். வடக்கு ஏரி, உங்கள் பதிவுக்கு நன்றி. நெடுஞ்சாலைக்குத் தனி இழை தொடங்கலாம். மையாமியின் ஓவர்டவுன், டெட்ராய்டின் பிளாக் பாட்டம் என்று சாலைக்குப் பலியான கறுப்பினக் குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன.

செங்காந்தள்

வடக்கு ஏரி, அந்த விதியை ஆவணத்திலிருந்து அடித்துவிட முடியாதா?

வடக்கு ஏரி

முடியும் அக்கா, ஓரளவுக்கு. 2019-இல் மினசோட்டா அதற்குச் சட்டம் இயற்றியது. கவுண்டி பதிவு அலுவலகத்தில் படிவம் கொடுத்தால், இந்த விதியை இப்போதைய உரிமையாளர் நிராகரிக்கிறார் என்று புதிய ஆவணம் பதிவாகி வீட்டின் ஆவண வரிசையில் சேரும். பழைய தாளைக் கிழிக்கமாட்டார்கள். வரலாறு அழியக்கூடாது என்று அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதுவே சரி என்பது என் எண்ணம். எங்கள் வீட்டுக்கு முடித்துவிட்டேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே ஆள் ஒரே நாளில் மனை பிரித்து விற்றிருக்கிறார், ஆகவே எல்லார் ஆவணத்திலும் அதே விதி இருக்க வேண்டும். படிவத்தை நகல் எடுத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவருகிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு இப்படி ஒரு விதி இருந்தது தெரியவே தெரியாது. சனிக்கிழமை தன் ஆவணத்தை எடுத்துவைக்கிறேன், வந்து எங்கே இருக்கிறது என்று காட்டு என்றிருக்கிறார்.